தலைப்பிள்ளையின் பெயர்

மணமேல்குடிக் கடற்கரையில் மீன் ஏலம் நடக்கிறது. பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுச்சேரிக்குக் கப்பலேறி வந்த எங்கள் பூட்டன் லூயியின் வாரிசுகள் இங்கே இருப்பதாகக் கேள்விப்பட்டு வந்திருக்கிறேன். எங்கள் வீட்டில் தலைமுறைதோறும் மூத்த மகனுக்கு அவர் பெயர்தான். அப்பாவுக்கு நான் ஒரே பெண். எனக்கு மரி என்று வைத்தார்கள். லூயி என்ற பெயர் அப்பாவோடு நின்றுவிட்டது.

மணலில் கிடக்கும் படகின் முகப்பில் ‘லூயி’ என்று சிவப்பு எழுத்தில் இருக்கிறது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

“படகுக்காரர் லூயி ஐயாவைப் பார்க்கணும்” என்கிறேன்.

ஏலம் கூறிக்கொண்டிருக்கும் பெண் திரும்புகிறாள். முழங்கை வரை மீன்செதில். “ஐயாவுக்கு எங்கிட்டுப் போறது? நான்தாங்க லூயி.”

“பெண்ணுக்கா அந்தப் பெயர்? புதுச்சேரியில் எங்க பூட்டன் லூயியோட பெயரை மூத்த மகனுக்குத்தான் வைப்போம்.”

“எங்க வீட்டுல தலைப்பிள்ளைக்குத்தான் அந்தப் பேரு. ஆணோ பொண்ணோ, மொதல்ல பொறந்தது லூயி. எங்கம்மாவும் லூயிதான். ஒங்க வீட்டுல தலைப்பிள்ள யாருங்க?”

“நான்தான்.”

அவள் ஈரக்கையால் என் தோளைப் பிடித்துக் கூட்டத்தின் பக்கம் திருப்புகிறாள். “இங்கிட்டுப் பாருங்க, எங்க பாண்டிச்சேரி சொந்தம் வந்திருக்கு!”

“பேரு என்னங்க?” என்கிறார் மீன் வியாபாரி ஒருவர்.

“லூயி” என்கிறேன், ஏலம் கூறும் குரலில்.