கூரையைத் தொடாத சுவர்

எங்கள் தோட்டத்து லயத்தில் வரிசை வீடுகளின் நடுச்சுவர் கூரையைத் தொடாது. பக்கத்து வீட்டு அண்ணன் தும்மினால் நான் இந்தப் பக்கமிருந்து, "மெதுவாண்ணே, கூரை பறந்துடும் லா" என்பேன். "ஒன் வாயி பறக்க மாட்டேங்குதேடா" என்று பதில் வரும். அம்மாவின் குழம்புக் கிண்ணம் அந்தச் சுவருக்கு மேலேதான் போகும். திரும்பும்போது அதில் கட்டாயம் ஏதாவது இருக்கும்.

கோலா சாவா பக்கத்தில் இருந்த எங்கள் தோட்டத்தைக் கம்பெனி விற்றபோது, எல்லோரையும் கோயிலில் கூட்டியவர் அண்ணன்தான். தோட்டத்து நிலத்திலேயே எல்லாருக்கும் வீடு வேண்டும், அதுவரை வேறு எதற்கும் கையெழுத்துப் போட யாரும் தனியாகத் தோட்டத்து ஆபீசுக்குப் போகக் கூடாது என்று ஒவ்வொருவரையும் சூடம் அடித்துச் சத்தியம் செய்ய வைத்தார்.

அடுத்த வாரம் ஆபீஸ் கணக்கரான கிராணி அப்பாவின் மோட்டார் சைக்கிளை மறித்தார்.

"டவுன்ல கொஞ்சம் பிளாட் வீடுதான் இருக்கு. மொதல்ல கையெழுத்துப் போடறவனுக்குத்தான். ஒங்கிட்ட மட்டும் சொல்றேன்."

அன்று மாலை அண்ணன் வீட்டில் டிவி அலறியது. லயத்தில் டிவி அலறினால், உள்ளே ஏதோ ரகசியம் என்று அர்த்தம்.

"அண்ணே, டிவிக்குக் காது கேக்காதா?" என்றேன். சத்தம் இன்னும் கூடியது.

"அவனுக்கும் சொல்லிட்டானுங்க," என்றார் அப்பா. "நாளைக்கு முந்திக்குவான்."

"சூடம் அடிச்சோமே?" என்றாள் அம்மா.

"சூடம் வீடு குடுக்குமா?"

காலையில் அப்பாவை மோட்டாரில் ஏற்றிப் போனேன். ஆபீஸ் வாசலில் மொத்த லயமும் வரிசையில் நின்றது.

"என்ன மாமா, இங்க திருவிழாவா?" என்று ஒருவரைச் சீண்டினேன். அவர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். கிராணி எல்லோரிடமும் 'ஒங்கிட்ட மட்டும்' சொல்லியிருந்தார், அண்ணன் ஒருவரைத் தவிர.

அண்ணன் அப்போது சிரம்பான் ஆஸ்பத்திரியில் இருந்தார். அண்ணிக்கு மார்பில் கட்டி. முந்தின நாள் டிவி அலறியது அண்ணியின் அழுகையை மறைக்கத்தான்.

பிளாட் பாதிப் பேருக்குக்கூடப் போதவில்லை. எங்களுக்குக் கிடைத்தது. எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள், இனி நிலம் என்ற பேச்சே கிடையாது என்றார் மேனேஜர். அண்ணனுக்கு அதுவும் இல்லை, இதுவும் இல்லை.

நாங்கள் லாரியில் சாமான் ஏற்றும்போது அண்ணன் வாசல் பக்கமாகச் சுற்றி வந்தார். கையில் அம்மாவின் கிண்ணம், காலியாக.

"என்னாண்ணே, செவுத்து மேல நீட்டியிருக்கலாம்ல?"

"பரவால்லீங்க தம்பி," என்றார். "அம்மாகிட்ட குடுத்துடுங்க."