ஒட்டகச்சிவிங்கி தும்முமா?

சித்தி வேலையை விட்டது ஒரு வியாழக்கிழமை, பகல் பதினொன்றரை மணிக்கு. நான் நீண்ட பயணம் கிளம்ப இன்னும் மூன்று வாரம் இருந்தது. பெரிய பை ஒன்றை இரவல் வாங்க அன்று அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் செருப்பை உதறிவிட்டு உள்ளே வந்த சித்தியின் கையில் திறக்காத சாப்பாட்டு டப்பா, கக்கத்தில் ஒரு ஷூ பெட்டி. சித்தப்பா தரையில் உட்கார்ந்து ஃபேன் மோட்டாருக்குக் காயில் சுற்றிக்கொண்டிருந்தார். சுற்றுக் கணக்கு தவறிவிடும் என்பதால் நிமிரவில்லை.

“என்ன, பிரஸ்ல கரண்ட் இல்லையா?”

“கரண்ட் இருக்கு. இனிமே நான்தான் இல்லை.”

அவர் அந்தச் சுற்றை முடித்து, எண்ணைச் சாக்பீஸால் தரையில் எழுதி வைத்துவிட்டு, பிறகுதான் அவளைப் பார்த்தார்.

பத்தொன்பது வருடம் சித்தி ஒரு நோட்டுப் புத்தகக் கம்பெனியில் புரூஃப் பார்த்தாள். வெறும் கோடு போட்ட நோட்டில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று எல்லோரும் கேட்பார்கள். பின்னட்டை இருக்கிறது. ‘உங்களுக்குத் தெரியுமா?’ என்று ஒரு தலைப்பு, கீழே பத்து வரி. ஆக்டோபஸுக்கு மூன்று இதயம். பட்டாம்பூச்சி காலால் ருசி பார்க்கும். டிசைன் செய்பவர் பழைய வாரப் பத்திரிகைகளிலிருந்து இப்படி முப்பது துணுக்குகளை அள்ளிக்கொண்டு வந்து கொட்டுவார். சித்தி உட்கார்ந்து கல் பொறுக்குவாள். தங்கமீனுக்கு மூன்று நொடிதான் ஞாபகம் என்பது பொய். நெருப்புக்கோழி மண்ணில் தலையைப் புதைத்துக்கொள்ளும் என்பது பொய். மின்னல் ஒரே இடத்தில் இரண்டு தடவை விழாது என்பதும் பொய். அதை நம்பி மரத்தடியில் நிற்பவர்களை நினைத்து அவளுக்குத் தனியாகக் கோபம் வரும்.

அவள் வைத்த சட்டம் எளியது. மூன்று புத்தகத்தில் இருந்தால் டிக். இல்லாவிட்டால் அடி. ஒவ்வொரு தகவலுக்கும் ஓர் அட்டை, அதில் மூன்று புத்தகங்களின் பெயரும் பக்க எண்ணும். அட்டைகள் எல்லாம் அந்த ஷூ பெட்டியில் அகர வரிசையில் நின்றன. சொந்தக்காரர்கள் அவளுக்கு ‘ஆதாரம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். யாராவது சாப்பிட உட்கார்ந்த இடத்தில் ஓர் அதிசயத்தை எடுத்துவிட ஆரம்பித்தால் பக்கத்திலிருப்பவர் முழங்கையால் இடிப்பார்: “ஆதாரம் வருது, பேச்சை மாத்து.”

அப்படிப்பட்டவள் ஒரே ஒரு தடவை புளுகினாள். அந்த வியாழக்கிழமைக்குப் பதினொரு வருடம் முன்பு. பள்ளி திறக்கப் பத்து நாள்தான் இருந்தது. கடைசி நேரத்தில் பத்தாவது வரியில் அவள் கண் நின்றது: இறந்த பிறகும் நகம் வளரும். வளராது, சுற்றியுள்ள தோல் சுருங்குவதால் அப்படித் தெரியும். அடித்துவிட்டாள். ஒரு வரி காலியானது. பின்னால் அச்சு மிஷின்காரர் வந்து நின்று, “மிஷின் நிக்குதும்மா,” என்றார். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் அதையே சொன்னார். முன்னட்டையில் ஓர் ஒட்டகச்சிவிங்கி படம் இருந்தது. சித்தி அதைப் பார்த்துக்கொண்டே எழுதினாள்: ‘ஒட்டகச்சிவிங்கிக்குத் தும்மல் வராது.’

அடுத்த அச்சில் எடுத்துவிடலாம் என்று நினைத்தாளாம். அந்த அட்டை பிள்ளைகளுக்குப் பிடித்துப்போனது. வருடா வருடம் அதே அச்சுப் பிளேட்டை வைத்தே அச்சிட்டார்கள். புரூஃப் அவள் மேசைக்கு வரவே இல்லை. வருடா வருடம் அவளும் போய்ச் சொன்னாள். ஒரு வரிக்காகப் புது பிளேட்டா என்று சிரித்து அனுப்பிவிட்டார்கள். பதினோராவது வருடம் அட்டை புது வடிவத்துக்கு மாறியது. வரிகள் மட்டும் அப்படியே இருந்தன. புரூஃப் மேசைக்கு வந்ததும் சித்தி முதல் வேலையாகப் பத்தாவது வரியை அடித்தாள். முதலாளி கூப்பிட்டு அனுப்பினார்.

அவர் மேசையில் மூன்று புத்தகங்களை விரித்து வைத்திருந்தார். சிறுவர் பொது அறிவு ஒன்று, வினாடி வினாக் கையேடு ஒன்று, துணுக்குத் தொகுப்பு ஒன்று. மூன்றிலும் ஒட்டகச்சிவிங்கி தும்மவில்லை.

“நீங்க வச்ச சட்டம்தானேம்மா இது?”

மூன்றுமே நம் நோட்டு வந்த பிறகு அச்சானவை என்று சித்தி வருடத்தைக் காட்டினாள். அந்த வரி தன் கற்பனை என்றாள். எங்கேயோ படித்திருப்பீர்கள், மறந்திருக்கும் என்றார் அவர். பத்தொன்பது வருடத்தில் இந்த ஆள் ஒரு பொய் எழுதியிருப்பாள் என்று அவரால் நம்ப முடியவில்லை. அதற்கப்புறம் அவர் இன்னொன்று கேட்டார்.

“சரி, தும்மாதுங்கறது பொய்னே வச்சுக்குவோம். தும்மும்னு எங்கயாச்சும் போட்டிருக்கா?”

எங்கேயும் இல்லை. பதினொரு வருடமாக அவளும் தேடியிருந்தாள். தும்முகிற மிருகத்தைப் பற்றித் தும்மும் என்று எழுத யாரும் மெனக்கெடவில்லை. அவளால் டிக் போடவும் முடியவில்லை, ஆதாரத்தோடு அடிக்கவும் முடியவில்லை. முதலாளியே கையெழுத்துப் போட்டு மிஷினுக்கு அனுப்பினார். ஆதாரம் கொண்டுவாருங்கள், அன்றைக்கே எடுத்துவிடுகிறேன் என்று மரியாதையாகத்தான் சொன்னார். சித்தி பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

அன்றே நான் இணையத்தில் தேடிப் பார்த்தேன். தும்மாது என்று நாற்பது இடத்தில் இருந்தது. பாதிப்பேர் சித்தியின் வாக்கியத்தை ஒரு சொல்கூட மாற்றாமல் போட்டிருந்தார்கள். அவள் ஒரு மிருகக்காட்சி சாலைக்குக் கடிதம் போட்டாள். பதிலுக்கு வண்ணத்தில் ஒரு கையேடு வந்தது. நாலாம் பக்கத்தில் அதே வரி. “உன் கைராசி அப்படி,” என்றார் சித்தப்பா.

நான் கிளம்பும்போது மற்றவர்கள் வாசனைத் திரவியமும் சாக்லெட்டும் கேட்டார்கள். சித்தி பையின் ஜிப்பை இழுத்துச் சரி பார்த்தபடி, “ஒட்டகச்சிவிங்கி இருக்கற ஊருக்குப் போனா அது பக்கத்துல கொஞ்ச நேரம் நில்லு,” என்றாள்.

“இவ ஒரு இடத்துல நின்னாலே அதிசயம். அது தும்மறது அப்புறம்,” என்றார் சித்தப்பா.

இரண்டு ஊர்களில் நின்றேன். முதல் ஊரில் அது இலை தின்றது, கறுத்த நாக்கால் மூக்கைத் துடைத்துக்கொண்டது, அவ்வளவுதான். இரண்டாவது ஊரில் அவற்றைப் பராமரிக்கும் பெண்ணிடம் கேட்டேன். தூசி ஏறினால் நன்றாகத் தும்முமே என்று அவள் சிரித்தாள். உடனே சித்திக்குப் போன் போட்டேன்.

“அது அவங்க வாய்ச்சொல். நீ பார்த்தியா?”

பார்க்கவில்லை. அந்தப் பெண்ணிடம் என் எண்ணைக் கொடுத்துவிட்டு மறுநாள் வேறு ஊருக்குப் போய்விட்டேன்.

ஆறு வருடம் கழித்துத் திரும்பி வந்தபோது சித்தி ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இருந்தாள். குப்பியில் ஒட்டிய பெயரும் சீட்டிலுள்ள பெயரும் ஒன்றுதானா என்று பார்க்கும் வேலை. சந்தேகம் வந்தால் ஆளையே கூப்பிட்டுக் கேட்டுவிடலாம் என்பது அவளுக்கு வசதியாக இருந்தது. நோட்டு இன்னும் விற்றுக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுச் சிறுமி ஒருநாள் படியில் உட்கார்ந்து பின்னட்டையைச் சத்தமாக வாசித்தாள். பத்தாவது வரி தப்பு என்று சித்தி சொல்ல, அச்சில் இருக்கிறதே என்றாள் அவள்.

“அதை எழுதினதே நான்தான்டி.”

“அப்ப சரியாத்தானே இருக்கும், ஆன்ட்டி?”

சித்தி எழுந்து உள்ளே போய்விட்டாள். அன்று அவள் சாப்பிடவில்லை என்று சித்தப்பா பிறகு சொன்னார்.

நான் வந்து இரண்டு வருடம் ஆகியிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் போனில் ஒரு வீடியோ வந்தது. அந்தப் பராமரிப்புப் பெண்தான். இன்று வைக்கோல் மாற்றினோம், நீங்கள் கேட்டது ஞாபகம் வந்தது என்று எழுதியிருந்தாள். ஒன்பது நொடி. ஒட்டகச்சிவிங்கி வைக்கோலை முகர்ந்தது, கழுத்தைப் பின்னால் இழுத்தது, தும்மியது. மூன்று தும்மல்.

சித்தி கண்ணாடி போட்டுக்கொண்டு நாலு தடவை பார்த்தாள்.

“மூணு இருக்கே, போதாதா உன் சட்டத்துக்கு?” என்றார் சித்தப்பா.

“மூக்கு ஒண்ணுதானே,” என்றாள். ஆனால் பெட்டியைக் கீழே இறக்கி ஓர் அட்டை எடுத்தாள். புத்தகத்தின் பெயர் வர வேண்டிய இடத்தில் அந்தப் பெண்ணின் தொழிலையும், பக்க எண் வர வேண்டிய இடத்தில் தேதியையும் எழுதினாள். பிறகு வீடியோவை முதலாளிக்கு அனுப்பச் சொன்னாள். அவர் பார்த்துவிட்டார் என்பதற்கு அடையாளம் வந்தது. பதில் வரவில்லை. அந்த வருட நோட்டுகள் ஏற்கெனவே கடைக்குப் போயிருந்தன.  அதன்பிறகு என் போன் ஒலித்தால் சித்தி யார் என்று கேட்பாள். முன்பெல்லாம் கேட்கிற ஆள் இல்லை.

பதினொரு மாதம் போனது. பள்ளி திறக்கச் சில நாட்களே இருந்தபோது முதலாளியிடமிருந்து என் போனுக்கு ஒரு படம் வந்தது. புதிய பின்னட்டை. ஒன்பது வரிகள் பழையவை. பத்தாவது: ‘ஒட்டகச்சிவிங்கிக்கும் தும்மல் வரும்.’ படத்துக்குக் கீழே அவர் எழுதியிருந்தார்:

“பார்த்து ஒரு டிக் போடுங்கம்மா. மிஷின் நிக்குது.”