சிப்பிப் பலகாரத்தில் மாயா நெசவு

ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில் எங்களுக்குக் கீழ்வீட்டில் குவாத்தமாலாக்காரர் ஒருவர் இருந்தார். மாயா இனத்தவர். அவருடைய ஊரில் பெண்கள் துணியில் நெய்யும் சாய்சதுரங்களையும் நெளிகோடுகளையும் அவர் மரப்பலகையில் செதுக்குவார். அந்தக் கோலங்கள் எல்லாமே தன் தாயார் நெய்தவை என்றும், அந்தத் துணியில் ஒரு முழம்கூடத் தன்னிடம் இல்லை என்றும் ஒருநாள் சொன்னார். எட்டு வயதில் எனக்கு அது பெரிய குறையாகப் படவில்லை. என்னிடமும்தான் சைக்கிள் இல்லை.

அவர் வீட்டுக்கு வர்ணம் அடித்த அன்று, ஞாயிற்றுக்கிழமைக் கண்காட்சிக்கான பலகையை என் கையில் தந்து, பத்திரம் என்றார். நான் அதை மிகப் பத்திரமாகச் சமையலறை மேசையில் வைத்துவிட்டுக் கார்ட்டூன் பார்க்கப் போனேன். யாருடையது என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. பொறுப்புகளை இன்றும் ஏறக்குறைய இப்படித்தான் சுமக்கிறேன்.

அன்றைக்கென்று அம்மாவும் பெரியம்மாவும் சிப்பிப் பலகாரத்துக்கு மா குழைத்திருந்தார்கள். சின்ன உருண்டையை வரிவரியான எதிலாவது வைத்துத் தட்டையாக அழுத்தி, சுருட்டிப் பொரித்து, சீனிப்பாகில் போட வேண்டும். எங்கள் வீட்டில் அந்த உத்தியோகம் ஒரு புதுச் சீப்புக்கு.

“இஞ்சை பார் பிள்ளை, சிப்பிப் பலகை! ஆர் வாங்கினது?” என்றார் பெரியம்மா.

“இவர்தான் அக்கா. உருப்படியா ஒண்டும் வாங்கத் தெரியாத மனிசன். இண்டைக்கு என்னவோ புத்தி வந்திருக்கு,” என்றார் அம்மா, அப்பாவைத்தான்.

நான் திரும்பி வந்தபோது பலகையில் எண்ணெய் மினுங்கியது. பள்ளமெல்லாம் மா. நான் விஷயத்தைச் சொல்லி முடிக்கவும் மணி அடிக்கவும் சரியாக இருந்தது. வாசலில் அவரேதான்.

“எடியே, தெரியாமச் செய்துபோட்டம் எண்டு சொல்லு! வடிவாத் துடைச்சுத் தாறம், குறை நினைக்க வேண்டாம் எண்டு சொல்லு!” அம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. வீட்டின் மொழிபெயர்ப்பாளர் நான். அவ்வளவையும் ஜெர்மன் மொழியில் “நீங்கள் சாப்பிட வேண்டுமாம்” என்று சுருக்கினேன்.

அவர் பலகையைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். பொரித்த சிப்பிகளின் முதுகெல்லாம் அவருடைய சாய்சதுரங்கள், சீனி பூத்து. ஒன்றைக் கடித்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கியவர் நிறுத்தவேயில்லை. கை கழுவிக்கொண்டு வந்து மேசையில் அமர்ந்து, தானும் அழுத்தினார்.

“என்ன வடிவாச் செய்யிறார்! உன்ர மனிசனைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டு,” என்றார் பெரியம்மா அம்மாவிடம்.

பலகை ஞாயிறன்று அந்த மினுக்கத்தோடேயே கண்காட்சிக்குப் போனது. என்ன பொலிஷ் என்று இரண்டு பேர் விசாரித்தார்களாம்.

ஆனால் பலகாரம் சுட்ட அன்று, எங்கள் வீட்டிலிருந்து போகும் முன் அவர் கடைசி உருண்டையை மெல்லியதாக அழுத்தி எடுத்தார். சுருட்டவில்லை, பொரிக்கக் கொடுக்கவுமில்லை. புறங்கையில் துணிபோல் போட்டுக்கொண்டு, விரலால் தடவியபடி வெகுநேரம் இருந்தார்.

பச்சை மா, வயிற்றைக் கலக்கும் என்று எச்சரித்தேன்.