முதல் குழியில் விழுகிறவர்

எந்தப் புது கேமானாலும் எங்கள் முதலாளி முதல் குழியில் வேண்டுமென்றே விழுவார். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பார்க்கிறேன். செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் சம்மணமிட்டு உட்காருவார். குதிக்க வேண்டிய இடத்தில் சும்மா நடந்துபோய் விழுவார். “ஜெயிக்கிறவன் எப்படியும் விளையாடுவான். தோத்தவன்கிட்ட கேம் எப்படி நடந்துக்குதுன்னு பார்க்கணும்” என்பார்.

ஒரு காலத்தில் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர். நாங்கள் எல்லோரும் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். கேம் வெளிவருமுன் ஆடிப் பார்த்துப் பிழை கண்டுபிடிப்பது என் வேலை. வீட்டில் முதல் பட்டதாரி நான். “விளையாடுறதுக்கா சம்பளம் தர்றாங்க?” என்று அம்மா இன்னும் சந்தேகமாகத்தான் கேட்கிறாள்.

அண்ணனைப் பார்த்து நாங்களும் தோற்றுத் தோற்றே சோதித்தோம். கடைசிக் கட்டத்துக்கு நேராகத் தாவி அங்கேயும் விழுந்தோம். யாரும் ஜெயித்துப் பார்க்கவில்லை. கேம் வெளியானபோது, ஜெயித்தவர்களுக்குத் திறக்க வேண்டிய இறுதிக் கதவு திறக்கவில்லை. முந்தைய கேமும் விற்காமல் படுத்திருந்த நேரம். திட்டித் தீர்த்தவர்களுக்கு, “கதவை நானே திறந்து தர்றேன்” என்று அண்ணன் கம்பெனியின் இணையப் பக்கத்தில் பதில் எழுதினார்.

அதற்குள், கம்பெனியில் பணம் போட்டவர்கள் ஒரு பெண் அதிகாரியை அனுப்பிவிட்டார்கள். அண்ணனை மாற்றுவதா வேண்டாமா என்று எங்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்.

“உண்மையைச் சொன்னா அவர் போயிடுவார். பொய் சொன்னா கம்பெனியே போயிடும். படிச்ச புள்ள, நீயே சொல்லு” என்றார் படம் வரையும் அக்கா.

“இது சிலபஸ்லயே வரலையேக்கா.”

அந்தப் பக்கம் வந்த அண்ணன் சிரித்தார். “என்னடா மூஞ்சி இது, பரீட்சையா எழுதப் போற? கேட்டதுக்குப் பதில் சொல்லு, போ.”

உள்ளே போனேன். அதிகாரி பேனாவைத் திறந்து வைத்திருந்தார்.

“கதவு விஷயம் யார் தப்பு?”

“அண்ணன் பழக்கினதுதான் மேடம். ஆனா எங்க யாருக்குமே ஜெயிச்சுப் பார்க்கத் தோணலை. அவர் இருந்தா அதையும் சரி பண்ணிடுவார்...”

நான் ‘ஆனா’ என்பதற்கு முன்பே அவர் எழுதி முடித்திருந்தார்.

அந்த வாரமே அண்ணன் போய்விட்டார். புதியவர் கெட்டிக்காரர், முதல் வேலையாக அந்த கேமைக் கைவிட்டு அடுத்ததைத் தொடங்கினார். மாற்றியது சரிதானோ என்று சில நாள் தோன்றும். உடனே அந்த அறையில் நான் சொன்னது நினைவுக்கு வரும். வாக்கியத்தை முன்பின்னாக மாற்றிப் போட்டிருக்கலாமோ? போட்டிருந்தால் மட்டும்?

கம்பெனிப் பக்கத்தைக் கவனிப்பதும் இப்போது என் வேலை. அண்ணன் எழுதிய பதிலுக்குக் கீழே இன்னமும் யாராவது கேட்கிறார்கள்: “கதவு எப்போ திறக்கும்?”