தாய்மாமன் பிடித்த காது

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்தவள் நான்தான். கல்லூரிக்குப் போன முதல் ஆளும் நான்தான். சேலத்தில் விடுதியில் தங்கிப் படித்தபோது நீச்சலும் கற்றுக்கொண்டேன். அதிலும் நானே முதல். எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. நான் பிறந்த அரியூர் நாட்டில் ஓடை உண்டு, அருவி உண்டு, நீந்துகிறவர் இல்லை. தண்ணீர் பாறையிலிருந்து விழும், நெல் வயலுக்குப் போகும். அதற்கு மேல் அதனிடம் யாரும் எதையும் எதிர்பார்ப்பதில்லை.

அதனால் என் மகளுக்கு எட்டு மாதம் ஆனதும், பயம் என்ற ஒன்று அவளுக்குத் தெரிவதற்குள் தண்ணீரைப் பழக்கிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். நான் கணக்கு பார்க்கும் சுற்றுலா விடுதியில் நீச்சல் குளம் இருக்கிறது. அதன் ஓரத்தில் குழந்தைகளுக்கென்று முழங்கால் ஆழத்தில் ஒரு தொட்டி. உச்சி வெயில் நேரத்தில் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். மேலாளரும் சரி என்றார். மாமியாரிடம் சொல்வது மட்டும்தான் பாக்கி.

அத்தைக்குக் காதுதான் கவலை. தினமும் குழந்தையைக் குளிப்பாட்டி முடித்ததும் இரண்டு காதிலும் ஊதித் தண்ணீரை விரட்டுவார். ஊதக் கூடாது என்று நான் சொல்வேன். சரி என்பார். நான் அந்தப் பக்கம் திரும்பியதும் ஊதும் சத்தம் கேட்கும்.

"சொம்புத் தண்ணிக்கே இந்தப் பாடு. குளத்துல போட்டா காது சீழ் புடிச்சு, புள்ள செவிடாப் போயிரும் சாமி."

நான் அடுப்புக் கரியை எடுத்துச் சமையலறைச் சுவரில் பெரிய காது ஒன்றை வரைந்தேன். அது கொஞ்சம் முறம் மாதிரி வந்துவிட்டது.

"இங்க செவிப்பறைன்னு ஒண்ணு இருக்குதுங்கத்தை. தண்ணி அதத் தாண்டிப் போகாது. கொழந்தைங்களுக்குக் காதுக்குள்ள சீழ் புடிக்கறதெல்லாம் பெரும்பாலும் சளியாலதான். மூக்குக்குப் பின்னாடியிருந்து காதுக்கு ஒரு சின்னக் கொழாய் போகுது. அது அடைச்சுக்கும்."

அத்தை படத்தை நன்றாகப் பார்த்தார்.

"மூக்குலருந்து காதுக்குக் கொழாயா? அப்ப இந்த ஓட்டைய எதுக்கு வெளிய பாத்து வெச்சிருக்குது?"

"சத்தம் உள்ள போறதுக்கு."

"சத்தம் போற வழில தண்ணி போவாதா? சத்தத்தக் காட்டிலும் தண்ணி கெட்டிக்காரி, கண்ணு."

நாமக்கல்லில் லாரிப் பட்டறையில் வேலை பார்க்கும் என் கணவர், நீங்கள் இரண்டு பேருமே பேசி முடித்துக்கொள்ளுங்கள் என்று போனில் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். எனக்கும் பயம் இல்லாமல் இல்லை. குழந்தையின் காதுக்கு ஏதாவது ஆனால் வலி அவளுக்கு. அதோடு, தடுப்பூசியிலிருந்து பள்ளிக்கூடம் வரைக்கும் அந்த வீட்டில் இனி என் சொல் எடுபடாது. "அன்னைக்குக் காதுக்குச் சொன்ன மாதிரியா?" என்ற ஒரே கேள்வியில் எல்லாம் முடிந்துவிடும்.

கடைசியில் அத்தையே ஒரு வழி சொன்னார்.

"இன்னும் காது குத்தல. தாய்மாமன் மடியில உக்கார வெச்சுக் குத்தற வரைக்கும் அந்தக் காது அவனுது. நீ பெத்தாலும் சரி, நான் வளத்தாலும் சரி, நமக்கு அதுல பேச்சில்ல. உங்கண்ணனக் கேளு."

அண்ணனுக்கு போன் செய்தேன். அவர் மிளகுக் கொடி ஏறிய மரத்தின் மேல் இருந்தார். சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டார்.

"காதா? ரெண்டுமா?"

"ரெண்டுந்தாண்ணா."

"வாரேன்."

மறுநாள் நான் வாழ்க்கைப்பட்ட குண்டூர் நாட்டுக்கு வண்டியில் வந்து இறங்கினார். சலவை வேட்டி, சட்டை. தட்டில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், பாதிப் பலாப்பழம். வாசலிலேயே இரண்டு தும்மல். "வழியெல்லாம் பனி" என்றார். நான் அதைக் கவனிக்கவில்லை. தட்டின் நடுவே உருட்டி வைத்திருந்த இரண்டு தேன்மெழுகு உருண்டைகளைத்தான் பார்த்தேன்.

"இது எதுக்குண்ணா?"

"அடைக்கறதுக்கு. புது மெழுகு. நானே எடுத்தது."

"கொழந்தை காதுல எதையும் அடைக்கக் கூடாதுண்ணா. உள்ள மாட்டிக்கும்."

அண்ணன் யோசித்தார். பிறகு மெழுகைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "சரி, கையால புடிச்சுக்கறேன்" என்றார்.

காதைப் பிடிக்க வேண்டும் என்றால் குளத்தில் இறங்க வேண்டும். குளத்தில் வேட்டியோடு இறங்கக் கூடாது என்று விடுதியில் சட்டம். விருந்தாளி யாரோ மறந்து விட்டுப்போன அரைக்கால் சட்டை ஒன்றைக் கொடுத்தார்கள். மஞ்சள் துணி, மேலெல்லாம் அன்னாசிப்பழம்.

"காட்டுல வெளையறத இடுப்புல கட்டிக்கச் சொல்றீங்களே" என்றபடி அதை மாட்டிக்கொண்டு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு அண்ணன் தொட்டிக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தண்ணீர் அவர் மார்பு வரை வந்தது. அத்தை கிழக்கு எது என்று கேட்டு, அவரை அந்தப் பக்கம் திரும்பி உட்காரச் சொன்னார். நான் மகளை அவர் மடியில் வைத்தேன். அண்ணன் இரண்டு உள்ளங்கைகளாலும் அவள் காதுகளைப் பொத்தினார். நான் அவளை இடுப்பில் பிடித்து ஏற்றி இறக்கினேன். அவள் தண்ணீரை ஒரு அடி அடித்தாள். அது திருப்பி அவள் முகத்தில் அடித்தது. ஒரு கணம் திகைத்துப் பார்த்துவிட்டு அப்படிச் சிரித்தாள், அப்படி ஒரு சிரிப்பை அதற்கு முன் நான் கேட்டதில்லை. அவள் உடம்பில் நனையாத இடம் அந்த இரண்டு காதுகள் மட்டும்தான்.

கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம் பெரிய குளத்தின் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. அந்த அம்மாள் என்னிடம் வந்தார்.

"ஏனுங்க, இது மலைச் சடங்குங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை சொன்னார்: "ஆமாங்க. தாய்மாமன் சீரு."

அந்த அம்மாள் அறைக்குப் போய்த் தூங்கிக்கொண்டிருந்த தன் தம்பியை எழுப்பிக் கூட்டி வந்துவிட்டார். அவர் தன் அக்காள் மகனைக் காதோடு பிடித்துத் தொட்டியில் உட்காரவைத்தார். பையனுக்குப் பத்து வயது இருக்கும். நன்றாக நீந்தக்கூடியவன். "விடுங்க மாமா, விடுங்க மாமா" என்று கத்திக்கொண்டே இருந்தான். அண்ணன் அவரைத் திருத்தினார்: "இறுக்கிப் புடிக்காதீங்க. காதுல குருவி உக்காந்திருக்குன்னு நெனைச்சுப் புடிங்க." இதை வாராவாரம் வைத்துக்கொள்ளலாமா என்று மேலாளர் என்னைக் கேட்டார்.

இதற்கிடையில் அண்ணன் தும்மிக்கொண்டே இருந்தார். இரண்டு கையும் குழந்தையின் காதில் இருந்ததால் வாயைப் பொத்த முடியவில்லை. எல்லாத் தும்மலும் நேராக அவள் உச்சந்தலை மேல்.

ஓரிரு நாளில் மகளுக்கு மூக்கு ஒழுகியது. பிறகு காய்ச்சல். பால் குடிக்க வாயை வைத்ததும் வீரிட்டாள். இடது காதைப் பிடித்துப் பிடித்து இழுத்தாள். அத்தை திட்டியிருந்தால் பரவாயில்லை. சமையலறைக்குப் போய்ச் சுவரில் இருந்த காதையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அழுகை வந்தது. கரியில் வரைந்ததை நானே நம்பவில்லை அப்போது.

அண்ணன் ஓடி வந்தார்.

"எந்தக் காது?"

"இடது."

அண்ணன் தன் இடது கையை விரித்துப் பார்த்தார். விரல்களை ஒட்டி வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, இடுக்கில் ஓட்டை தெரிகிறதா என்று சோதித்தார். "நல்லாத்தான புடிச்சிருந்தேன் கண்ணு" என்றார்.

மருத்துவரிடம் எல்லோருமாகப் போனோம். அவர் சின்ன விளக்கு வைத்துக் காதுக்குள் பார்த்தார். அண்ணனும் குனிந்து எட்டிப் பார்த்தார்.

"நடுக் காதுல தொற்று. சளியால வந்தது. மருந்து தரேன், சரியாயிரும்."

"தண்ணியாலயா டாக்டர்?" என்று, எல்லோருக்கும் கேட்கும்படி, கேட்டேன்.

"இல்லம்மா. வெளிக் காது நல்லாத்தான் இருக்கு. செவிப்பறைக்கு அந்தப் பக்கந்தான் பிரச்சனை. வீட்ல யாருக்காச்சும் சளி இருந்துச்சா?"

அண்ணன் மூக்கை உறிஞ்சினார். அறையில் இருந்த எல்லோரும் அவரைப் பார்த்தோம். அவர் முகத்தில் குற்றவுணர்ச்சி வரும் என்று நினைத்தேன். வெளிச்சம்தான் வந்தது.

"அப்பத் தண்ணி உள்ள போகலீங்களா? ஒரு சொட்டுக்கூட?"

"போயிருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காதுங்க."

"அது இருக்கட்டுங்க. போகலதான?"

"போகல" என்றார் மருத்துவர் சலிப்போடு.

"கேட்டீங்களா?" என்று அண்ணன் அத்தையைப் பார்த்தார். எனக்கு அவர் கன்னத்தில் ஒன்று வைக்கலாம் போலவும் இருந்தது, அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலவும் இருந்தது.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அத்தை கேட்டார்: "அந்தக் கொழாய் மூக்குலருந்துன்னுதான சொன்ன?"

"ஆமாங்கத்தை."

மறுநாளிலிருந்து எங்கள் வீட்டு வாசலில் மூக்குப் பரிசோதனை தொடங்கிவிட்டது. குழந்தையைத் தூக்க வருகிறவர் யாராக இருந்தாலும் முதலில் அத்தையிடம் தலையை அண்ணாந்து மூக்கைக் காட்ட வேண்டும். சனிக்கிழமை ஊருக்கு வந்த என் கணவரையே பட்டறைத் தூசி என்று சொல்லி முற்றத்தில் நிறுத்திவிட்டார். காது ஆறிவிட்டதா என்று காட்டப் போனபோது, மருத்துவர் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்ததைப் பார்த்து, அத்தை குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு பின்வாங்கினார்.

"மொதல்ல நீங்க போயி மூக்கச் சிந்திக் கையக் கழுவிட்டு வாங்க சாமி."

மருத்துவர் போய்க் கழுவிக்கொண்டு வந்தார். பார்த்துவிட்டு, காது நன்றாக ஆறிவிட்டது, இனி குளத்துக்குப் போகலாம் என்றார்.

போனோம். அண்ணனும் வந்தார். அவருக்குச் சளி இன்னும் முழுதாக விடவில்லை என்பதால் செம்பருத்தி வேலிக்கு அந்தப் பக்கம், முகத்தில் துண்டு கட்டி நிற்க மட்டும் அனுமதி. அத்தை குளத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து வழியை மறித்துக்கொண்டார். விருந்தாளிகள் துண்டும் கையுமாக வரிசையில் நின்றார்கள். அவர்கள் மூக்குகளைப் பார்த்து முடிப்பதற்குள் நான் மகளோடு தொட்டியில் இறங்கினேன்.

அவளை மல்லாக்கப் படுக்கவைத்து, தலைக்கு அடியில் கை கொடுத்து, மெல்லத் தாழ்த்தினேன். தண்ணீர் முதல்முறையாக அவள் இரண்டு காதுகளையும் மூடியது. வேலிக்கு அந்தப் பக்கம் அண்ணன் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். அவள் வானத்தைப் பார்த்தபடி கிடந்தாள். பிறகு காலை உதறினாள். நான் தூக்கி நிமிர்த்தியதும் கண்ணைச் சுருக்கி, பெரிதாக ஒரு தும்மல் போட்டாள்.

வரிசை அப்படியே நின்றது. அண்ணன் திரும்பிப் பார்த்தார். எல்லோரும் அத்தையைப் பார்த்தார்கள். அத்தை என்னைப் பார்த்தார். அதில் குற்றச்சாட்டு இல்லை. தெரிந்துகொள்ளும் ஆசையோடு கேட்டார்.

"கண்ணு, இது எந்தத் தும்மலு?"

நான் படித்தது வணிகவியல்.

"மூக்குல தண்ணி பூந்த தும்மலுங்கத்தை. சளி இல்ல."

அத்தை தலையாட்டினார். வரிசையைப் பார்த்துத் திரும்பினார்.

"தண்ணித் தும்மலாம். படிச்ச புள்ள சொல்லிருச்சு. எல்லாரும் எறங்குங்க."

எல்லோரும் இறங்கினார்கள்.