மூக்கக்காவும் திரும்பி வந்த கணவாயும்

அந்த மீன் பதனிடும் கம்பெனியில் அவளை எல்லோரும் மூக்கக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைத்துக் காலம் தள்ளுகிறவர்கள் உண்டு; அவள் மீனில் மூக்கை நுழைத்துக் குடும்பம் நடத்தினாள். படகிலிருந்து இறங்கும் சரக்கு முதலில் அவளிடம்தான் வரும். செவுளைப் பிரித்து ஒரு தடவை முகர்வாள். "இது நேத்துப் பிடிச்சது இல்ல, அதுக்கும் முந்தி. எடுத்துட்டுப் போங்க" என்பாள். படகுக்காரர்கள் எகிறுவார்கள். வெட்டிப் பார்த்தால் அவள் சொன்னதுதான் சரியாக இருக்கும். வெல்டிங் பட்டறையில் வேலை செய்யும் அவள் வீட்டுக்காரர், "ஒரு சிகரெட் பிடிச்சிட்டு நிம்மதியா வீட்டுக்குப் போக முடியல. போலீஸ் நாய்கூட இவகிட்ட தோத்துடும்" என்று கூட்டாளிகளிடம் புலம்புவார்.

ஒருநாள், வெளிநாட்டுக்குப் போன ஒரு கன்டெய்னர் கணவாய் மீன் அப்படியே திரும்பி வந்தது. மேனேஜர் குளிர் அறைக்கு அவளைக் கூப்பிட்டார். பனி உருகிய கணவாயைக் கையில் எடுத்து முகர்ந்தாள். மறுபடி முகர்ந்தாள்.

"நல்லாத்தானே சார் இருக்கு? நான் பாத்து அனுப்பின சரக்குதானே?"

"கெட்டுப்போகலம்மா. காட்மியம் இருக்குதாம்."

கேள்விப்படாத பேர். நேராகப் பரிசோதனைக் கூடத்துக்குப் போனாள். அங்கே புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் இருந்தாள்.

"ஏம்மா, காட்மியம்னா ஏதாவது கிருமியா?"

"இல்லக்கா, உலோகம். பேட்டரிக்கெல்லாம் போடுவாங்க. ஆலைக் கழிவோட கடலுக்கு வந்துடுது. கணவாய் திங்கிற இரையோட அது உடம்புக்குள்ள போய்ச் சேர்ந்துக்கும்."

"அப்ப வாசம் வரணுமே?"

"வராதுக்கா. ருசியும் மாறாது, கொதிக்க வச்சாலும் போகாது. மெஷின்ல போட்டாத்தான் தெரியும்."

"அப்ப இத்தனை வருஷமா நான் மோந்து பாத்ததெல்லாம்?"

"அது கெட்டுப்போச்சான்னு பாக்கறதுக்கு. அதுல நீங்க கில்லாடிதான். இது வேற சமாச்சாரம்க்கா. சதையில கொஞ்சம்தான் இருக்கும். குடல் பையிலதான் மொத்தமா சேரும். வெட்டறப்ப அது உடைஞ்சா சதையிலயும் ஏறிடும். இந்தச் சரக்கு அப்படித்தான் மாட்டியிருக்கும்."

மூக்கக்கா கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு மீன் பெட்டியின் மேல் தொப்பென்று உட்கார்ந்தாள். வெட்டிக் கழித்ததை வேலைக்காரர்கள் சும்மா எடுத்துப் போகலாம். மற்றவர்கள் தலையையும் கால்களையும் எடுப்பார்கள். அவள் எடுத்ததோ அந்தக் குடல் பையை. சட்டியில் போட்டால் வெண்ணெய்போல உருகும். சாப்பாடு என்றாலே முகத்தைச் சுளிக்கும் மகள் அதற்கு மட்டும் தட்டை வழித்து நக்குவாள். பால்குடி மறந்த நாளிலிருந்து ஊட்டியது. இப்போது மகள் கல்லூரிக்குப் போகிறாள். ஊட்டியது போக மீந்ததையெல்லாம் சட்டியோடு வழித்துத் தின்றது மூக்கக்காதான்.

"அதைத் தின்னா என்னம்மா ஆகும்?"

"எப்பவாவது தின்னா பெரிசா ஒண்ணும் இல்ல. வருஷக்கணக்கா தின்னா சிறுநீரகத்துல தங்கிடும்... ஏன்க்கா, முகமெல்லாம் இப்படி வெளுத்துப் போச்சு?"

பேயறைந்தவள் மாதிரி வீடு வந்து சேர்ந்தாள். அடுப்பைக்கூடப் பற்ற வைக்கவில்லை. "உடம்புக்கு முடியலையா?" என்று வீட்டுக்காரர் கேட்டதும் அழுகை வெடித்தது. "என் கையாலயே விஷத்த ஊட்டியிருக்கேங்க!" அவர் கேட்டு முடித்துவிட்டு, மகள் படித்துக்கொண்டிருந்த அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

மறுநாள் காலை மேனேஜர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். "உள்ளூர் வியாபாரிங்க வர்றாங்க. சரக்கை இங்கேயே தள்ளிடலாம். நீங்க நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அங்க வேணாம்னு தள்ளினதை இங்க இருக்கறவங்க திங்கணுமா சார்?"

"கெட்டுப்போகலன்னு நீங்களே சொன்னீங்களேம்மா!"

வியாபாரிகள் வந்தார்கள். அவர்களில் மூத்தவர் கணவாயைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அவள் முகத்தைத்தான் பார்த்தார். "நீங்க சொல்லுங்க மூக்கக்கா, எடுக்கலாமா?"

வேலை போய்விடும் என்று தெரியும். "வாசம் நல்லாத்தான் இருக்குண்ணே. ஆனா உள்ள உலோகம் ஏறியிருக்கு, அதான் திருப்பி அனுப்பியிருக்காங்க. உங்க வீட்டுப் பிள்ளைங்களுக்குக் குடுப்பீங்கன்னா எடுங்க."

ஒருவரும் எடுக்கவில்லை. செய்தி துறைமுகம் முழுக்கப் பரவிவிட, கம்பெனி அந்தச் சரக்கை அதிகாரிகள் முன்னிலையில் அழிக்க வேண்டியதாயிற்று. வேலை போகவில்லை, ஆனால் மேனேஜர் அவளை வெட்டும் பிரிவுக்குத் தள்ளிவிட்டார்.

அந்த வாரமே மூவரும் ரத்தப் பரிசோதனைக்குப் போனார்கள். மகளுக்கும் வீட்டுக்காரருக்கும் பயப்படும்படி ஒன்றுமில்லை. அவளுக்குத்தான் காட்மியம் அளவு எகிறியிருந்தது. அவளுக்கு ரத்தசோகை வேறு இருந்தது; அது இருந்தால் உடம்பு காட்மியத்தை இன்னும் இழுத்துக்கொள்ளும் என்றார் மருத்துவர்.

"வெளிய எடுக்க மருந்து இருக்கா டாக்டர்?"

"இல்லம்மா. உள்ள போனது லேசில வெளிய வராது. சிறுநீரகம் இப்போதைக்கு நல்லா வேலை செய்யுது. இனிமே ஏறாமப் பாத்துக்கணும், வருஷா வருஷம் வந்து காட்டணும்."

அவள் தலையாட்டினாள். மகளுக்கு ஒன்றுமில்லை என்பதைத் தவிர வேறெதுவும் அவள் காதில் ஏறவில்லை. வெளியே வந்ததும் மகள்தான் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "அளவு எகிறியிருக்கறது உனக்கும்மா" என்றாள்.