ஐந்தாம் கட்டம் வரை போகாத கேம் டாக்டர்

'கேம் டாக்டர்' என்ற பட்டத்தை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை. கடைப் பலகையில் அவரே எழுதிக்கொண்டார். கையில் வைத்து விளையாடும் வீடியோ கேம் கருவிகளை முப்பது வருடமாகப் பழுது பார்க்கிறார். நாலு பேட்டரி தின்ற செங்கல் பெட்டி, விளக்கடியில் பிடித்தால்தான் தெரியும் பச்சைத் திரை, அப்புறம் கலர், அப்புறம் புத்தகம் போல மடியும் இரட்டைத் திரை, இப்போது கைப்பிடியைக் கழற்றி மாட்டுகிற தாம்பாளம். எல்லாவற்றின் வயிற்றையும் திறந்து பார்த்தவர். ஒன்றில்கூட விளையாடி முதல் கட்டத்தைத் தாண்டியதில்லை.

"கருவி வளந்துச்சு, என் கட்டைவிரல்தான் வளரல" என்று மனைவியிடம் மட்டும் ஒப்புக்கொள்வார். கடையில் மூச்சு விடமாட்டார்.

பஸ் ஓட்டும் பெண்மணி ஒருவர் மடியும் இரட்டைத் திரைக் கருவியோடு வந்தார். டிரிப்புகளுக்கு நடுவே விளையாடுவாராம்.

"அஞ்சாவது கட்டத்துல மேல் திரை அணைஞ்சிடுதுங்க."

திரைக்குப் போகும் நாடா வயரை மாற்றிக் கொடுத்தார். திரும்பி வந்தது. பட்டன்களைத் துடைத்துக் கொடுத்தார். மறுபடியும் வந்தது.

"விளையாடிப் பாத்தீங்களா?"

"பாக்காம கொடுப்பேனாம்மா?"

"அப்ப என் முன்னாடி ஆடிக் காட்டுங்க."

ஆடினார். முதல் பள்ளத்திலேயே விழுந்தார். மூன்று உயிரும் பதினைந்து நொடியில் போயின.

"வழக்கமா இப்படி இல்லம்மா..."

"வழக்கமா எப்படி?"

பொய் சொல்ல வாயெடுத்தவருக்கு என்னவோ அலுத்துப்போனது. "இதைவிட சீக்கிரம் செத்துடுவேன்."

அந்தம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்துத் தையல்காரர் எட்டிப் பார்த்தார். பிறகு அந்தம்மாவே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பின்மூடி திறந்தபடியே விளையாட ஆரம்பித்தார். டாக்டர் பூதக்கண்ணாடியோடு குனிந்து நின்றார். இருபது நிமிடத்தில் ஐந்தாம் கட்டம். மேல் திரை அணைந்தது. டாக்டர் உள்பலகையைத் தொட்டுப் பார்த்தார். நேரம் ஆக ஆகச் சூடேறி, ஒரு மூலையில் ஈயப்பற்று விட்டுக்கொண்டிருந்தது. அங்கே ஒரு சொட்டு ஈயம் உருக்கி வைத்தார். அந்தம்மா எட்டாம் கட்டம் வரை போனார், திரை அணையவில்லை.

"குதிங்க, குதிங்க!" என்று பின்னாலிருந்து கத்தினார் டாக்டர்.

"நீங்க சும்மா இருந்தாலே நான் பிழைச்சுப்பேன்."

அன்றிலிருந்து வருகிறவர்களை எல்லாம் உட்காரவைத்துக் கருவியைக் கையில் கொடுத்துவிடுகிறார். "கெட்டுப்போற இடம் வரைக்கும் நீங்களே கூட்டிட்டுப் போங்க. எனக்கு வழி தெரியாது."